இறங்கிப்போன யூரியா

போன வாரம் எங்கள் பழைய லேப் பிள்ளைகள் வாட்ஸ்அப்பில் ஒரு செய்தி அனுப்பினார்கள். "கமலா மேடம், இனிமே ரிப்போர்ட் மெஷின்லேர்ந்து நேரா பேஷன்ட் போனுக்குப் போயிடும். நடுவுல நாம யாரும் பாத்து விட வேணாம். ஜாலி!" கூடவே கை தட்டுகிற பொம்மைகள். கடைசியில் ஒரு கோரிக்கை: வருகிற சனிக்கிழமை புது டெக்னீஷியன்களுக்கு நான் வந்து கொஞ்ச நேரம் பேச வேண்டுமாம். மேடைப் பேச்சு எனக்கு வராது. நான் வாயைத் திறந்தால் சண்டை போடுகிற மாதிரியே இருக்கிறது என்பார் என் வீட்டுக்காரர். அதனால் எழுதிக் கொடுத்துவிடுகிறேன். பிடித்தால் படியுங்கள், இல்லாவிட்டால் போங்கள்.

மெஷின் மேல் எனக்கு ஒரு கோபமும் இல்லை, அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். நான் வேலைக்குச் சேர்ந்தபோது யூரியா பார்ப்பதென்றால் சமையல் வேலை மாதிரி. ரத்தத்தைச் சுழற்றி, மேலே தெளிகிற நீரை எடுத்து, கலர் மருந்து ஊற்றி, கொதிக்கிற தண்ணீரில் ட்யூபை நிற்க வைக்க வேண்டும். ரோஸ் கலர் வரும். எவ்வளவு அடர்த்தியோ அவ்வளவு யூரியா. அந்த மருந்தின் நெடி புடவையில் ஏறிக்கொள்ளும். பஸ்ஸில் பக்கத்து சீட்டுக்காரி மூக்கைப் பொத்திக்கொண்டு எழுந்து போவாள். அந்த அடுப்படியிலிருந்து என்னை விடுவித்த மெஷினை நான் எதற்குத் திட்டப்போகிறேன்?

தொம்மலூரில் பிறந்து, பி.யூ.சி.யும் லேப் டிப்ளமாவும் முடித்து, ஒரு ஆஸ்பத்திரி லேபுக்குள் நுழைந்தவள் ரிட்டயர் ஆகும்வரை அங்கேயே கிடந்தேன். படித்தது ஒரு மூலைக்குப் போய்விட்டது. வேலை என்றால் என்னவென்று தெரிந்துகொண்டது எங்கள் லேபின் தலைமை டாக்டர் சரோஜம்மாவிடம்தான்.

குள்ளமான உருவம். கன்னடக்காரர், எங்களோடு பேசிப் பேசித் தமிழைப் பிடித்துக்கொண்டவர். அவர் சத்தம் போட்டு நான் கேட்டதே இல்லை. கோபம் வந்தால் கண்ணாடியைக் கழற்றிப் புடவைத் தலைப்பால் துடைப்பார். அவர் துடைக்க ஆரம்பித்தால் நாங்கள் அவரவர் மேஜைக்கு ஓடிவிடுவோம். எந்த ட்யூபைக் கொடுத்தாலும் ஜன்னல் வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்துக் கன்னடத்தில் மூன்று கேள்வி கேட்பார். "யார்து? எல்லிந்த பந்து? யாவாக?" யாருடையது, எங்கிருந்து வந்தது, எப்போது எடுத்தது. பதில் தெரியாமல் விழித்தால் ட்யூபை நம் கையிலேயே திருப்பி வைத்துவிடுவார். "கேட்டுட்டு வாம்மா." அவ்வளவுதான்.

இன்னொரு பிடிவாதமும் அவருக்கு உண்டு. ரிசல்ட் எகிறினால் நாங்களே பதறிக்கொண்டு ஓடுவோம். ரிசல்ட் நல்லபடியாக இறங்கினாலும் அவரிடம் காட்ட வேண்டும். "இறங்கினா ஏன் இறங்குச்சுன்னு கேக்கணும்ரீ. சந்தோஷத்துல யாரும் கேள்வி கேக்கமாட்டாங்க" என்பார். இந்த அம்மாவுக்கு வேறு வேலையே இல்லையா என்று சாப்பாட்டு ரூமில் நானே முணுமுணுத்திருக்கிறேன்.

யூரியாவைப் பற்றி உங்களுக்கு நான் பாடம் எடுக்கத் தேவையில்லை. ஆனாலும் இதை வீட்டில் யாராவது எடுத்துப் படிக்கலாம், அவர்களுக்காகச் சொல்கிறேன். நாம் சாப்பிடுகிற பருப்பு, கறி, முட்டை எல்லாம் உடம்பில் செலவான பிறகு மிஞ்சுகிற கழிவுதான் யூரியா. ஈரல் அதைச் செய்து ரத்தத்தில் விடும். கிட்னி அதை வடித்து மூத்திரத்தோடு தள்ளும். கிட்னி சோர்ந்துபோனால் அது ரத்தத்திலேயே தங்கிவிடும். நம் ஜனங்கள் இதைத்தான் 'உப்பு ஏறிடுச்சு' என்கிறார்கள். சாதாரணமாக நாற்பதுக்குள் இருக்க வேண்டும்.

ஏறினாலே கிட்னி போய்விட்டது என்றும் அர்த்தமில்லை. ஒருதடவை ஈஜிபுராவிலிருந்து ஒரு கேப் டிரைவர் வந்தான். யூரியா எண்பதைத் தொட்டிருந்தது. கிரியாட்டினின் என்று இன்னொரு கழிவு இருக்கிறது, அது சுலபத்தில் ஆடாது, கிட்னி நிஜமாகக் கெட்டால்தான் நன்றாக ஏறும். அது அவனுக்குச் சரியாக இருந்தது. டாக்டரம்மா அவனை உள்ளே கூப்பிட்டு, "தண்ணி குடிக்கிறியாப்பா?" என்றார். "எங்க மேடம் குடிக்கிறது? ஏர்போர்ட் ரோட்ல வண்டிய எங்க ஓரங்கட்டி எங்க ஒதுங்கறது? டூட்டி முடியறவரைக்கும் வாயே நனைக்கமாட்டேன்" என்றான். தண்ணீர் குடிக்கச் சொல்லி அனுப்பினார். அடுத்த வாரம் யூரியா சமர்த்தாக இறங்கியிருந்தது. அவன் தெரு முழுக்க அதைச் சொல்லிப் பெருமை அடித்துக்கொண்டான். உண்மையாகவே இறங்குகிற யூரியாவும் உண்டு என்பதால்தான் வேணு விஷயம் அவ்வளவு சிக்கலாகிவிட்டது.

வேணுவைப் பற்றிச் சொல்வதற்கு முன்னால் பாபு அண்ணனைப் பற்றிச் சொல்ல வேண்டும். ஈஜிபுராவில் எங்கள் ஆஸ்பத்திரிக்கு ஒரு கலெக்ஷன் சென்டர் இருந்தது. ரத்தம் எடுப்பது, சுழற்றுவது, பைக்கில் அனுப்புவது எல்லாம் அங்கே பாபு அண்ணன்தான். கையில் ஊசி இருப்பதே தெரியாது, அப்படி ஒரு கை. அந்தப் பக்கத்து ஜனங்களுக்கு ரத்தம் கொடுப்பதென்றால் உயிரையே கொடுக்கிற மாதிரி. "இத்தினி ரத்தம் எடுக்கிறியே, இது ஊற எத்தினி நாளாவும்?" என்பார்கள். "மிச்சத்த வித்துடுவியா?" என்று முகத்துக்கு நேராகவே கேட்பார்கள். அதனால் பாபு அண்ணன் ஒரு வழக்கம் வைத்திருந்தார். ஒரே குத்து, ஒரே ட்யூப். சுகர் பார்க்க எடுக்கிற சாம்பல் மூடி ட்யூபிலிருந்தே யூரியாவுக்கும் ஊற்றிவிடுவார். ஏரியாவில் அவருக்கு இருந்த பேர் ஒரு எம்.எல்.ஏ.வுக்கு இருந்திருக்காது.

கொதிக்க வைக்கிற காலத்தில் அதில் ஒரு தப்பும் கிடையாது. புது மெஷின் வந்ததும் கதை மாறியது. இந்த மெஷினில் யூரியாவை உடைப்பது ஒரு என்சைம். சாம்பல் மூடி ட்யூபில் ஒரு மருந்து இருக்கும். ரத்த அணுக்கள் சர்க்கரையைத் தின்றுவிடாமல் தடுக்கத்தான் அது. அதே மருந்து இந்த என்சைமின் கையையும் கட்டிப் போட்டுவிடும். ரத்தத்தில் யூரியா நிறைய இருந்தாலும் மெஷின் 'இல்லை' என்று சொல்லும். இனிமேல் யூரியாவுக்கு இந்த மருந்து இல்லாத சிவப்பு மூடி ட்யூப் மட்டும்தான் என்று டாக்டரம்மா எல்லாரிடமும் சொன்னார். ஈஜிபுராவுக்கும் போன் போனது. பாபு அண்ணனும் "ஆயித்து மேடம்" என்று ஒத்துக்கொண்டார். ஆனால் அவர் ரத்தத்தைச் சுழற்றி, நீரை வெள்ளையான சின்ன ட்யூபில் ஊற்றித்தான் அனுப்புவார். எந்த மூடியிலிருந்து வந்தது என்று எங்கள் கண்ணுக்குத் தெரியாது. யாராவது கெஞ்சினால், நரம்பு கிடைக்காவிட்டால், அவர் பழையபடியே ஒரே ட்யூபில் முடித்துக்கொண்டிருந்தார். இரக்கப்பட்டுச் செய்தார், வேறெதற்கும் இல்லை.

வேணு அடுகோடி ஏரியாவில் ஒரு பட்டறையில் ஆட்டோவுக்கு ஹூடும் சீட்டும் தைக்கிறவன். முதல் தடவை அவன் நேராக எங்கள் ஆஸ்பத்திரிக்கே வந்து ரத்தம் கொடுத்தான், சிவப்பு மூடியில். யூரியா நூற்றி இருபதைத் தாண்டியது. கிரியாட்டினினும் கூடவே ஏறியிருந்தது. இப்படி வந்தால் உடனே போன் செய்வது எங்கள் வழக்கம். நான்தான் செய்தேன். அவன் பெண்சாதி மல்லிகா எடுத்தாள், ஒரு பி.ஜி. ஹாஸ்டலில் சமையல் வேலை பார்க்கிறவள். நான் சொல்லச் சொல்ல அந்தப் பக்கம் அழுகைச் சத்தம் மட்டும்தான் கேட்டது. கிட்னி டாக்டர் பார்த்துவிட்டு, சீக்கிரமே டயாலிசிஸ் வேண்டியிருக்கும், அதற்கு முன்னால் இடது கையில் ரத்தக்குழாயை இணைக்கிற சின்ன ஆபரேஷன் செய்துகொள்ள வேண்டும் என்று தேதி கொடுத்தார்.

ஒரு மாதம் போயிருக்கும். ஒருநாள் காலையில் வேணு எங்கள் லேப் கவுன்டருக்கு வந்து நின்றான். கையில் ஒரு டப்பா மைசூர்பாக்.

"மேடம், அன்னிக்கு போன் பண்ணி எங்க வூட்டுக்காரிய அழ வெச்சது நீங்கதானே? இப்ப இத்த பாருங்க!"

ஈஜிபுரா சென்டரில் முந்தின நாள் எடுத்த ரிப்போர்ட். சுகரும் யூரியாவும் மட்டும். யூரியா இருபத்தொன்று. சென்டர் சாம்பிளுக்கு வேறு நம்பர் என்பதால் பழைய ரிசல்ட்டோடு எங்களில் யாரும் ஒப்பிட்டுப் பார்த்திருக்கவில்லை.

"கஷாயம் மேடம். ஒசூர் பக்கத்துல ஒருத்தர் தர்றாரு. காலைல வெறும் வயித்துல ஒரு டம்ளர். உப்பு எப்பிடி ஓடிச்சு பாருங்க. அவரேதான் சொன்னாரு, மத்ததெல்லாம் பாக்காத, யூரியா மட்டும் பாருன்னு. எங்க தெருவுல இப்ப எல்லாரும் என்கிட்டதான் அட்ரஸ் கேக்கறாங்க."

"கைக்கு ஆபரேஷன் டேட் குடுத்திருந்தாங்களேப்பா?"

"அது கேன்சல். நல்ல கைய எதுக்கு மேடம் வெட்டிக்கணும்? சாப்பிடுங்க, சாப்பிடுங்க."

ஒரு துண்டை எடுத்து என் கையிலேயே வைத்துவிட்டான். நான் அவன் முகத்தைப் பார்த்தேன். கண்ணுக்குக் கீழே உப்பியிருந்தது. முழங்கை வரைக்கும் சொறிந்து சொறிந்து கோடு கோடாக இருந்தது. அவன் குனிந்து பேசும்போது வாயிலிருந்து மூத்திரம் மாதிரி ஒரு வாடை வந்தது. பல வருஷம் கிட்னி வார்டுகளில் ரத்தம் எடுத்தவளுக்கு அது உப்பு ஏறின வாடை என்று தெரியும். "அப்புறம் சாப்பிடறேன்பா" என்று மைசூர்பாக்கை ஒரு பேப்பரில் வைத்துவிட்டு உள்ளே போனேன்.

நல்லவேளை, மீந்த சாம்பிளை நாங்கள் உடனே கொட்டுவதில்லை. ஃபிரிட்ஜில் அந்தச் சின்ன ட்யூப் இருந்தது. டாக்டரம்மாவிடம் கொண்டுபோனேன். ஜன்னலுக்குத் தூக்கிப் பிடித்தார்.

"யார்து?"

"வேணு மேடம். மொதல்ல நூத்தி இருபதுக்கு மேல இருந்தாரே, அவரு."

"எல்லிந்த பந்து?"

"ஈஜிபுரா சென்டர்."

"எந்த மூடி?"

இது அந்த மூன்றில் இல்லாத நாலாவது கேள்வி. அன்றைக்குத்தான் முதல்முதலாகக் கேட்டார். அந்த வெள்ளை ட்யூபில் அது எழுதியிருக்கவில்லை.

"கிரியாட்டினின் போடு. பொட்டாசியமும் போடு" என்றார்.

போட்டேன். கிரியாட்டினின் முன்னைவிட மோசமாக இருந்தது. பொட்டாசியத்துக்கு மெஷினால் எண் போடவே முடியவில்லை, அளவுக்கு மேலே போய்விட்டது என்று மட்டும் காட்டியது. டாக்டரம்மா அதைப் பார்த்துக்கொண்டே, "இவ்ளோ பொட்டாசியம் இருந்தா இதயம் நின்னுபோயிருக்கும். உங்க வேணு நடந்துதானே வந்தாரு?" என்று கேட்டார்.

"ஸ்வீட் எடுத்துக்கிட்டு நடந்து வந்தாரு மேடம்."

"அப்போ இது வேணுவோட பொட்டாசியம் இல்லம்மா. ட்யூபோடது."

சாம்பல் மூடிக்குள் இருக்கிற மருந்தில் பொட்டாசியம் உப்பும் சேர்ந்திருக்கும். அதுதான் காட்டிக்கொடுத்துவிட்டது. பாபு அண்ணனுக்கு போன் போட்டு ஸ்பீக்கரில் வைத்தார். எந்த மூடி என்று கேட்டதும், "மேடம், அவன் கை வீங்கிக் கெடந்துச்சு. நரம்பே கெடைக்கல. அண்ணா போதும்ணான்னு கெஞ்சினான். சுகரும் யூரியாவும்தானேன்னு..." என்று இழுத்தார். டாக்டரம்மா கண்ணாடியைக் கழற்றினார். நெடுநேரம் துடைத்தார்.

திருத்தின ரிப்போர்ட்டை ஒரு மெசேஜில் அனுப்பிவிடலாம் என்று ஆபீஸில் சொன்னார்கள். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. "மெசேஜ்ல அனுப்பினா அவன் அதத் துடைச்சுப் போட்டுட்டு கஷாயம் குடிப்பான் சார்" என்று கத்தியேவிட்டேன். டாக்டரம்மா கைப்பையை எடுத்துத் தோளில் மாட்டிக்கொண்டார். "தப்பு சொன்னது நாம. நாமளே போய் சொல்லணும். ரெண்டு ட்யூப் எடுத்துக்கோ கமலா. ஒண்ணு சிவப்பு, ஒண்ணு சாம்பல்" என்றார். அவனைக் கூட்டிக்கொள்ளாமல் திரும்புவதில்லை என்று ஆட்டோவில் ஏறும்போதே நான் முடிவு செய்துகொண்டேன்.

பாபு அண்ணன் ஈஜிபுராவில் வேணு வீட்டுச் சந்து முனையில் நின்று வழி காட்டினார். அந்தத் தெருவில் மாடிக்கு மாடி ஒட்டிக்கொண்டு நிற்கும், வெயில் தரைக்கே வராது. வேணு வீட்டு வாசலிலேயே பிரியாணி வாசனை. கறியைக் குறைக்கச் சொல்லி கிட்னி டாக்டர் அனுப்பிய ஆள், குணமாகிவிட்ட சந்தோஷத்தில் மட்டன் பிரியாணி ஆக்கி அக்கம்பக்கத்தைக் கூப்பிட்டிருந்தான். எங்களைப் பார்த்ததும் முகமெல்லாம் பல். "அட, டாக்டரே வந்துட்டாங்கப்பா! மல்லிகா, தட்டு எடு!"

டாக்டரம்மா பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்தார். சுற்றி வளைக்கவில்லை. "வேணு, எங்க ரிப்போர்ட் தப்பு. அந்த இருபத்தொண்ணு தப்பு. உங்க யூரியா இறங்கல, ஏறியிருக்கு. மன்னிச்சுக்கணும்" என்றார்.

வேணு முதலில் சிரித்தான். அப்புறம் நாங்கள் சிரிக்கவில்லை என்று பார்த்தான்.

"இன்னா மேடம் வெளையாட்டு இது? அன்னிக்கு நூத்தி இருபதுன்னீங்க. நேத்து இருபத்தொண்ணுன்னீங்க. இன்னிக்கு அது தப்புங்கறீங்க. அப்ப அந்த நூத்தி இருபது ஏன் தப்பா இருக்கக்கூடாது? எனக்கு வியாதியே இல்லாம இருந்திருக்கலாம்ல?"

நியாயமான கேள்விதான். முன்னால் யூரியா இறங்கின அந்த கேப் டிரைவர் எதிர்வீடுதான், அவன் வேறு, "ஆமா மேடம், எனக்கு இறங்குச்சே, நீங்கதானே பாத்தீங்க" என்று சேர்ந்துகொண்டான். எனக்கு வந்த ஆத்திரத்துக்கு அவனைப் பிடித்து இரண்டு சாத்து சாத்தியிருப்பேன். "உனக்கு தண்ணி பத்தல, அதான்யா இறங்குச்சு. இவருக்கு கிட்னியே பத்தல" என்றேன். டாக்டரம்மா என் கையைத் தொட்டு அடக்கினார்.

"ரெண்டு ட்யூப் கொண்டு வந்திருக்கோம். ஒரே குத்துல ரெண்டுலயும் உங்க ரத்தம் எடுக்கறோம். நீங்களே லேபுக்கு வாங்க. மெஷின் பக்கத்துலயே நின்னு பாருங்க. நான் ஒண்ணுமே சொல்லமாட்டேன்" என்றார்.

"வரமாட்டேன். நான் நல்லா இருக்கேன்" என்றான் வேணு. குரல் உயர்ந்துவிட்டது. வாசலில் நின்ற பாபு அண்ணனைப் பார்த்து, "இன்னாண்ணா, நீயாச்சும் சொல்லுண்ணா, நீதானே எடுத்தே!" என்றான். பாபு அண்ணன் தலையைக் குனிந்துகொண்டு, "என்னாலதான்டா தப்பு வந்துச்சு. போய்க் குடுத்துட்டு வாடா" என்றார். வேணு அவர்மேல் பாயப்போன மாதிரி எழுந்தான்.

அதுவரைக்கும் அடுப்புப் பக்கத்திலேயே நின்றிருந்த மல்லிகா அப்போதுதான் பேசினாள். உரக்கக்கூடப் பேசவில்லை. "நேத்து ராத்திரி பாத்ரூம்ல டேப்ப தொறந்து வுட்டுட்டு வாந்தி எடுத்தீங்களே, அது யாருக்குக் கேக்கக்கூடாதுன்னு? எனக்கா, அவங்களுக்கா?" என்று சாப்பிட வந்தவர்களைக் காட்டினாள். "சோத்துல வாயே வைக்கறதில்ல. தட்டுல பிசைஞ்சு பிசைஞ்சு வெச்சுட்டு எழுந்து போறீங்க. செருப்பு கால்ல நுழைய மாட்டேங்குது. எனக்குத் தெரியாதுன்னு நெனச்சீங்களா? அந்த பேப்பர் நல்லதா சொல்லுச்சே, அத நம்பணும்னு நானும்தான் வாய மூடிக்கிட்டு இருந்தேன். இப்ப அந்த பேப்பரே போயிடுச்சு. இனிமே என்னாத்துக்கு நடிக்கணும்?"

சொல்லிவிட்டு அழுதாள். வேணு உட்கார்ந்துவிட்டான். விருந்துக்கு வந்தவர்கள் ஒவ்வொருவராகத் தட்டை வைத்துவிட்டு நழுவினார்கள். கடைசியில் அவன் இடது கையை என் முன்னால் நீட்டினான்.

"அந்தக் கை வேணாம்பா. வலது கைய குடு" என்றேன். புறங்கையில் எடுத்தேன். கிட்னிக்காரர்களுக்கு அது டாக்டரம்மா போட்ட சட்டம். இடது கை நரம்பை யாரும் தொடக்கூடாது.

"ஏன் மேடம்? நான் வலது கைலதானே தைக்கறேன். இடது கைலயே குத்தலாமே."

"அந்தக் கை நரம்பு உனக்கு டயாலிசிஸுக்கு வேணும்பா. அத பத்திரமா வெச்சிருக்கணும்."

நான் யோசித்துச் சொல்லவில்லை, வழக்கமாகச் சொல்வதைத்தான் சொன்னேன். அவன் தன் இடது கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தான். அப்புறம் அதைச் சட்டைக்குள் இழுத்து மூடிக்கொண்டான். நான் ஊசியை உருவி, குத்தின இடத்தில் பஞ்சை வைத்து அழுத்தினேன்.

லேபுக்கு வந்தான். மல்லிகாவும் வந்தாள். இரண்டு ட்யூபையும் அவன் கண் முன்னாலேயே சுழற்றினேன், மெஷினில் பக்கத்துப் பக்கத்துக் குழியில் வைத்தேன். டாக்டரம்மா சொன்னபடியே வாயைத் திறக்கவில்லை. திரையில் முதலில் சாம்பல் மூடி வந்தது: பத்தொன்பது. அடுத்தது சிவப்பு மூடி: நூற்று அறுபத்து நாலு.

வேணு இரண்டு எண்ணையும் பார்த்தான்.

"ரெண்டும் என் ரத்தந்தானா?"

"ரெண்டும் உன் ரத்தம்தான்பா. ஒரே குத்துல எடுத்தது. நீயே பாத்தே."

"நான் நெஜம்னு நெனச்ச இருபத்தொண்ணும் இந்தப் பத்தொன்பது மாதிரிதான், இல்ல?" என்று கேட்டான். அவன் மல்லிகா பக்கம் திரும்பி, "அந்த ஆபரேஷன் டேட்ட மறுபடி வாங்கிடு" என்றான்.

தேதிக்காகக்கூடக் காத்திருக்க முடியவில்லை. கிட்னி டாக்டர் பார்த்த உடனே அட்மிட் பண்ணிக் கழுத்து வழியாக டயாலிசிஸ் ஆரம்பித்தார். இன்னும் கொஞ்சநாள் அந்தக் கஷாயத்தையும் பிரியாணியையும் நம்பிக்கொண்டு இருந்திருந்தால் ஆளே இருந்திருக்கமாட்டான் என்று அவரே சொன்னார். அப்புறம் இடது கை ஆபரேஷனும் ஆனது. கஷாயக்காரர் அட்ரஸ் கேட்டவர்களுக்கெல்லாம் அதற்குப் பிறகு வேணு அந்தக் கையைத்தான் காட்டினான்.

டாக்டரம்மா அன்றைக்கே ஒரு உத்தரவு போட்டார். எந்தச் சென்டரிலிருந்தும் நீரை ஊற்றி அனுப்பக்கூடாது, மூடியோடுதான் ட்யூப் வர வேண்டும். பாபு அண்ணனை வேலையைவிட்டு எடுக்கச் சொல்லி ஆபீஸில் நெருக்கினார்கள். "எடுத்தா இன்னொருத்தன் வந்து வேற ஒரு தப்பு பண்ணுவான். இவருக்கு இந்தத் தப்பு சாகறவரைக்கும் மறக்காது" என்று மறுத்துவிட்டார். புது மெஷின் வந்ததிலிருந்து அங்கே சுகரும் யூரியாவும் சேர்த்துப் பார்த்தவர்களை ஒருவர் விடாமல் பாபு அண்ணனே போன் செய்து திரும்ப வரவழைத்தார். திட்டு வாங்கிக்கொண்டே வரவழைத்தார். பெரும்பாலும் எல்லாரும் நன்றாக இருந்தார்கள். ஒரு பெண்மணிக்கு மட்டும் நிஜமாகவே ஏறியிருந்தது. நல்ல நேரத்தில் பிடித்துவிட்டோம், இன்றைக்கும் மாத்திரையிலேயே ஓட்டிக்கொண்டிருக்கிறார்.

இப்போது உங்கள் விஷயத்துக்கு வருகிறேன். ரிப்போர்ட் நேராகப் போனுக்குப் போகட்டும். எனக்கு ஆட்சேபணை இல்லை. ஆனால் யூரியா அளவுக்கு மேல் ஏறினால் மெஷின் ரிப்போர்ட்டை அனுப்பாமல் நிறுத்திவைக்கும் என்று அடுத்த மெசேஜில் பெருமையாக எழுதியிருக்கிறீர்களே, முன்னால் இருந்ததைவிடச் சட்டென்று இறங்கினாலும் நிறுத்திவைக்குமா? கேட்டுப் பார்த்தேன். அப்படி ஒன்றும் போடவில்லையாம். நல்ல ரிசல்ட்டை எதற்கு மேடம் நிறுத்தணும் என்று உங்களில் ஒரு பெண் கேட்டாள். இதற்குத்தான் கண்ணு. சனிக்கிழமை நான் வருகிறேன். பேச வரவில்லை. அதை மெஷினில் போடுகிறவரைக்கும் உங்கள் மேனேஜர் ரூமில் உட்கார வருகிறேன். டாக்டர் சரோஜம்மா இப்போது இல்லை, இருந்தால் அவரே கைப்பையை மாட்டிக்கொண்டு வந்திருப்பார்.

நான் ரிட்டயர் ஆன அன்று லேபில் கேக் வெட்டிக்கொண்டிருந்தார்கள். வாசலில் யாரோ கூப்பிட்டார்கள். வேணு. டயாலிசிஸுக்கு வந்தவன் நேராக வந்திருக்கிறான். தலை நரைத்துவிட்டது, உடம்பும் பாதியாகிவிட்டது. ஆனாலும் வாரத்தில் டயாலிசிஸ் இல்லாத நாட்களில் அந்த அடுகோடிப் பட்டறையில்தான் தைக்கிறான். இடது கையில் ஆபரேஷன் செய்த இடம் கயிறு முறுக்கின மாதிரி புடைத்திருந்தது. அந்தப் பக்கத்துக் கக்கத்தில் ஒரு டப்பா மைசூர்பாக்.

"பாபு அண்ணன்தான் மேடம் இன்னிக்கு ரத்தம் எடுத்தாரு. வலது கைல, செவப்பு மூடில. நான் பாத்துக்கிட்டேதான் இருந்தேன்" என்றான். ரிப்போர்ட்டை நீட்டினான். "டயாலிசிஸுக்கு முன்னாடி யூரியா நூத்தி முப்பது மேடம். கரெக்டான நூத்தி முப்பது. இப்பவாச்சும் சாப்பிடுவீங்களா?"

ரிப்போர்ட்டை வாங்கி மேலிருந்து கீழ்வரை படித்தேன். யாருடையது, எங்கிருந்து வந்தது, எப்போது எடுத்தது. எல்லாம் சரியாக இருந்தது. அவன் எதிரிலேயே ஒரு துண்டை எடுத்து வாயில் போட்டுக்கொண்டேன்.